மருந்துக்கு விலை இல்லை, வழிக்கு?



சில ஆண்டுகளுக்கு முன்னர் முல்லைத்தீவு மாவட்டத்திலே பங்குப் பணி செய்துகொண்டிருந்தேன். ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காட்டோரமாய் அமைந்த ஒரு குடியேற்றக் கிராமத்திலே ஒரு முதியவர் வாழ்ந்து வந்தார். வாழ்நாள் முழுவதும் பிறர் வயலிலே கூலிக்கு உழைத்தவர். சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தரம் வைத்தியசாலைக்குச் சென்று இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டால் மட்டுமே உயிர் தங்கும் என்ற நிலையில் இருந்தார். வன்னியிலே, சிறப்பாக வவுனியாப் பக்கத்திலே, காரணம் முற்றாய்த் துலங்காத இந்தச் சிறுநீரக நோய் எத்தனை விவசாயக் குடும்பங்களை வாட்டுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அந்த நாட்களிலே நான் ஒரு நல்ல காரியத்தில் ஈடுபட்டிருந்தேன். வைத்தியசாலை ஒன்றின் நோயாளர் விடுதிக்குக் கட்டிலும் மெத்தையும் வாங்குவதற்காக, கனடாவிலும் பிரான்சிலும் இலண்டனிலும் இருக்கும் நம் பங்கு மக்களின் உறவினருக்குக் கடிதம் எழுதிப் பணம் சேர்த்தேன். அவர்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். கட்டில்கள் வந்தன. படம் பிடித்து அனுப்பினோம். எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சி.

பிறகொரு நாள் அந்த முதியவரின் வீட்டுக்குப் போனேன். முகம் வீங்கி, மூச்சு முட்டக் கிடந்தார். இரண்டு கிழமையாகச் சிகிச்சைக்குப் போகவில்லை என்று அறிந்து, “ஏன் அப்பு, அங்கே காசு ஏதும் கேட்டவையே?” என்று விசாரித்தேன்.

“இல்லைச் சுவாமி. மருந்துக்கு ஒரு சதமும் எடுக்கிறேல்லை. வழிதான் காசு கேக்குது” என்றார்.

மனைவி கணக்கை விளக்கினார். பஸ் நிற்கும் சந்திவரைக்கும் முச்சக்கர வண்டி. அங்கிருந்து பஸ். இருவருக்கும் சாப்பாடு. தனியே அனுப்ப இயலாததால் அவர் கூடப் போகும் நாளில் அவருடைய நாட்கூலியும் இல்லை. இவை அத்தனையும் கிழமைக்கு இரண்டு தரம். கடன் கேட்கக்கூடிய வீடெல்லாம் கேட்டு முடிந்துவிட்டது.

நான் சேர்த்த பணத்திலே வாங்கிய கட்டில் நல்ல கட்டில்தான். அந்தக் கட்டிலுக்கு வந்து சேர அவருக்கு வழியில்லை. இதை நான் கேட்டறியவுமில்லை. அன்று தொடக்கம் ஒரு கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. ஏழைகளுக்காக ஒரு தர்ம வைத்தியசாலை நடத்துகிறோம் என்று சொல்லும்போது, நம்முடைய கடமை எந்த இடத்தில் தொடங்குகிறது? வைத்தியசாலையின் வாசலிலா? நோயாளியின் வீட்டு முற்றத்திலா?

இலவசம் என்பது யாருக்கு இலவசம்?

நமது நாட்டிலே அரசாங்க வைத்தியசாலைகளில் 1951ஆம் ஆண்டிலேயே கட்டணம் நீக்கப்பட்டது. இது சிறிய காரியமன்று. நம்மிலும் எத்தனையோ மடங்கு செல்வமுள்ள நாடுகளிலே ஒரு சத்திரசிகிச்சைக்காக வீட்டை விற்பவர்கள் இருக்கிறார்கள். நாம் இதற்காக நன்றியுள்ளவர்களாய் இருக்கவேண்டும்.

ஆனால் 1971இல், வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் ஒழுங்கு கொண்டுவரப்பட்டது. இருபத்தைந்து சதம்! அது ஒரு பாரமா என்று பட்டணத்திலே இருந்தவர்கள் கேட்டிருப்பார்கள். எனினும் வைத்தியசாலைக்கு வருவோரின் தொகை கணிசமாகக் குறைந்தது. அக்கட்டணம் 1977இல் நீக்கப்பட்டது. வராமல் நின்றவர்கள் நோய் மாறியதால் நின்றவர்களா? இல்லை. ஏழை வீட்டிலே நோய்க்குச் செலவழிக்கும் காசு மிகுதிக் காசன்று. அது அன்றைய அரிசிக்குரிய காசு. அதனால்தான் நமக்கு அற்பமாகத் தோன்றும் தொகை அவர்களுக்கு ஒரு மதிலாகிவிடுகிறது.

இருபத்தைந்து சதமே ஒரு மதிலானால், இன்றைய முச்சக்கர வண்டிக் கூலி எத்தனை பெரிய மதில்! 2012/13ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட வீட்டு வருமான செலவினக் கணக்கெடுப்பிலே, நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 6.7 பேர் வறுமைக்கோட்டின்கீழ் இருந்தபோது, முல்லைத்தீவு மாவட்டத்திலே 28.8 பேர் இருந்தார்கள். நாட்டிலேயே மிக உயர்ந்த விகிதம் அதுதான். வைத்தியசாலைக் கதவு யாருக்கும் பூட்டப்படவில்லை. ஆயினும் கதவுக்கு முன்னால் கிடக்கும் வழி ஏழைக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கிறது.

“சும்மா கொடுத்தால் மதிக்கமாட்டார்கள்”

இந்த இடத்திலே நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு வாதத்தை எடுத்துக்கொள்வோம். “சும்மா கொடுத்தால் சனம் மதிக்காது. சிறு தொகையாவது வாங்கினால்தான் மருந்தின் அருமை தெரியும். எல்லாவற்றையும் கொடுத்தால் கையேந்தும் பழக்கம் வந்துவிடும்.”

இந்த வாதத்திலே உண்மை இல்லாமல் இல்லை. ஏழைக்கும் மானம் உண்டு. தன்னால் இயன்றதைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடப்பது மனிதனுக்குரிய ஆசை. அதைப் பறிக்கும் தர்மம் நல்ல தர்மம் ஆகாது. ஆனால் அவனால் இயன்றது எவ்வளவு என்பதை யார் தீர்மானிப்பது? அங்கேதான் நாம் பிழை விடுகிறோம். கிராம அலுவலரின் கடிதம், பங்குத் தந்தையின் கடிதம், வருமானச் சான்று என்று கேட்டு, ‘நான் ஏழை’ என்று பல பேருக்கு முன்னால் அவனை வாய்விட்டுச் சொல்லவைத்த பின்னரே மருந்து கொடுக்கிறோம். இதிலே மானம் எங்கே இருக்கிறது?

மதுரையிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையை நம்மவர்களில் சிலர் நேரிலே கண்டிருப்பார்கள். அரசாங்க சேவையிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, 1976ஆம் ஆண்டில், தமது 58ஆவது வயதிலே, பதினொரு கட்டில்களுடன் அதைத் தொடங்கினார். இளமையிலேயே மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே கண் சத்திரசிகிச்சை செய்யப் பழகிக்கொண்டவர். அங்கே பணம் கொடுக்கும் பகுதி உண்டு. கொடாத பகுதியும் உண்டு. எந்தப் பகுதிக்குப் போவது என்பதை நோயாளியே தெரிந்துகொள்கிறார். சான்றிதழ் கேட்பதில்லை. இப்படி விட்டால் வசதியுள்ளவர்கள் எல்லோரும் இலவசப் பகுதிக்கு ஓடிவிடுவார்கள் என்று நாம் நினைப்போம். அப்படி நடக்கவில்லை. பணம் கொடுப்பவர்களின் பணத்திலேயே கொடாதவர்களின் சிகிச்சையும் நடந்து, அந்த நிறுவனம் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான சத்திரசிகிச்சைகளைச் செய்யுமளவுக்கு வளர்ந்திருக்கிறது. மனிதரை நம்பினால் பெரும்பாலோர் நம்பிக்கைக்குரியவர்களாகவே நடந்துகொள்கிறார்கள் என்பதற்கு இது நல்ல சான்று.

அதே மருத்துவமனையின் வரலாற்றிலே நம் கேள்விக்கு இன்னும் நெருங்கிய பாடம் ஒன்றும் உண்டு. கிராமங்களிலே கண் முகாம் நடத்தி, சத்திரசிகிச்சை தேவைப்பட்டவர்களிடம், “மதுரைக்கு வாருங்கள், ஒரு காசும் வேண்டாம்” என்று சொல்லியனுப்பினார்கள். பலர் வரவில்லை. குருடாய் இருப்பதை யார் விரும்புவார்? போய் விசாரித்தபோது காரணம் தெரிந்தது: பஸ்ஸுக்குக் காசில்லை, அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற பயம், கூட வர ஆளில்லை. அதன் பின்னர் முகாம் நடக்கும் அன்றே பஸ்ஸில் ஏற்றிச் சென்று, உணவும் தங்க இடமும் கொடுத்து, சிகிச்சை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுகின்ற ஒழுங்கைச் செய்தார்கள். சத்திரசிகிச்சை முன்பும் இலவசந்தான், பின்பும் இலவசந்தான். மாறியது ஒன்றே: வழியை நோயாளியின் தோளிலிருந்து இறக்கி, வைத்தியசாலை தன் தோளிலே வைத்துக்கொண்டது.

வழியைச் சுமப்பது

வழியைச் சுமப்பதற்கு வேறொரு முறையும் உண்டு. நோயாளியை ஏற்றி வருவதற்குப் பதிலாக வைத்தியசாலையே அவனிடம் போய்க் குடியிருப்பது.

தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்திலே, மலைகளுக்கு நடுவே சித்தேரி, கல்வராயன் என்ற இரு மலைத்தொடர்களுக்கிடையில் சிட்டிலிங்கி என்றொரு பள்ளத்தாக்கு. மலையாளி என்ற பெயருடைய பழங்குடி மக்கள் வாழும் இடம். கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் ரெஜி ஜோர்ஜும் அவருடைய துணைவியார் டாக்டர் லலிதாவும் 1993இல் அங்கே போய்ச் சேர்ந்தபோது, பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் இறந்துகொண்டிருந்தன. அதாவது ஏழு குழந்தைகளுக்கு ஒன்று. வைத்தியசாலை வேண்டுமென்றால் ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர் போகவேண்டும். இவ்விருவரும் ஊரார் கட்டிக்கொடுத்த மண் குடிசையிலே வைத்தியம் தொடங்கினார்கள். ஒரு வாங்கு, ஒரு மின்குமிழ். அதுவே அவர்களுடைய தொடக்கம்.

அவர்கள் செய்த பெரிய காரியம், அவ்வூர்ப் பெண்பிள்ளைகளையே தாதியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்ததுதான். பெரிய படிப்புப் படிக்காத அந்தப் பிள்ளைகள் பிரசவம் பார்க்கவும், சத்திரசிகிச்சைக்கு உதவவும் கற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு சிற்றூரிலும் அவ்வூர் மக்களே தெரிந்துகொண்ட ஒரு தாய், கருவுற்றவர்களையும் குழந்தைகளையும் வீட்டிலே போய்ப் பார்த்தாள். குழந்தை மரணம் ஆயிரத்துக்கு இருபது அளவுக்குக் குறைந்துவிட்டது. குடிசை இருந்த இடத்திலே இன்று முப்பதுக்கு மேற்பட்ட கட்டில்களுடன் வைத்தியசாலை நிற்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளிற் பெரும்பாலோரைக் காப்பாற்றியது கட்டிலல்ல. வீடு தேடிப் போன கால்களே காப்பாற்றின.

இந்த உண்மையை நமது மண்ணிலே ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே கண்டுணர்ந்த ஒருவர் இருந்தார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே வைத்தியம் செய்தார், வைத்தியர்களையும் பயிற்றுவித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் உத்தியோகம் தேடி வேறிடங்களுக்குப் போவதைக் கண்டார். தமிழிலே கற்றவன் தன் ஊர் மக்களோடு இருப்பான் என்று தெளிந்து, மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அதற்காக உடற்கூற்று நூலையும், பிரசவ வைத்திய நூலையும், வேறு பல நூல்களையும் தமிழாக்கினார், கலைச்சொற்களை உண்டாக்கினார். நோயாளிக்கும் வைத்தியத்துக்கும் இடையிலுள்ள தூரம் மைலால் மட்டும் அளக்கும் தூரமன்று, மொழியாலும் அளக்கவேண்டிய தூரம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தமிழ் தெரியாத வைத்தியருக்கு முன்னால், தன் வயிற்று நோவைச் சொல்லத் தெரியாமல் நின்ற ஒரு வன்னித் தாயை நீங்கள் கண்டிருந்தால் இதன் பொருள் விளங்கும்.

வன்னி கண்ட இரண்டு சாட்சிகள்

வெளியூர் உதாரணங்கள் போதும். வன்னியே இதற்குச் சாட்சி சொல்லும்.

குலைப்பன் காய்ச்சலை நம் பெரியோர்கள் மறக்கமாட்டார்கள். வன்னியிலே காடு வெட்டிக் குடியேறிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் மலேரியாவோடு ஒரு கணக்கு இருந்தது. 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி, இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இது எப்படி நடந்தது? காய்ச்சல்காரன் வரட்டும் என்று வைத்தியசாலை காத்திருந்ததால் அல்ல. நடமாடும் சிகிச்சை நிலையங்கள் நோய் மிகுந்த ஊர்களுக்குள் போயின. காய்ச்சல் கண்டவரின் வீட்டுக்குப் போய் விரலில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தார்கள். போர் நடந்த இடங்களிலும் அந்தப் பணியாளர்கள் போய் வந்தார்கள். தேடிப் போனார்கள், அதனாலேயே நோய் தோற்றது.

மற்றச் சாட்சி வேதனையானது. 2008 செப்டெம்பரிலே சர்வதேச உதவி நிறுவனங்களிற் பெரும்பாலானவை வன்னியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 2009 பெப்ரவரித் தொடக்கத்திலே புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைகளுக்கு இலக்கானது. அங்கிருந்து வெளியேறியவர்கள் புதுமாத்தளன் பாடசாலையிலே வைத்தியசாலை நடத்தினார்கள். மருந்தில்லை, மயக்க மருந்தில்லை, கட்டிலில்லை. மரங்களின் கீழும் நோயாளர் கிடந்தார்கள். சத்தியமூர்த்தி, வரதராஜா முதலான அரசாங்க வைத்தியர்களும், பெயர் தெரியாத எத்தனையோ தாதியரும் தொண்டர்களும் அங்கேயே நின்றார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல்கள் காயப்பட்டவர்களைக் கடல் வழியாகக் கொண்டுபோயின. அந்தப் பாடசாலையிலே வைத்தியசாலை என்று சொல்லத்தக்க பொருள் அநேகமாக ஒன்றும் இருக்கவில்லை. ஆட்கள் இருந்தார்கள். மக்களும் அதை வைத்தியசாலை என்றே அழைத்தார்கள். அது சரியான பெயர்தான்.

வள்ளுவரும் மருந்து என்ற அதிகாரத்திலே வைத்தியத்துக்கு நான்கு உறுப்புச் சொல்கிறார்: நோயாளி, வைத்தியன், மருந்து, அருகே நின்று பணிவிடை செய்பவன். நான்காமவனையும் மற்ற மூவருக்குச் சமமாக வைத்திருக்கிறார். நாமோ மருந்துக்கும் கட்டிடத்துக்கும் பணம் சேர்க்கிறோம். அந்த நான்காமவனை மறந்துவிடுகிறோம்.

தர்மமா? கடனா?

இனி, நியாயமாக எழும் மற்றொரு கேள்வி. “சுவாமி, வைத்தியம் கொடுப்பது அரசாங்கத்தின் கடமையல்லவா? நாம் ஏன் சுமக்கவேண்டும்?”

ஆம், அரசாங்கத்தின் கடமைதான். அதைக் கேட்டுப் பெறும் உரிமையும் மக்களுக்கு உண்டு. நீதிப்படி கொடுக்கவேண்டியதைக் கொடாமல் வைத்துக்கொண்டு, அதையே தர்மம் என்ற பெயரில் கொடுப்பது தகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் கற்பித்திருக்கிறது. ஆகவே கிராமத்துக்குப் பஸ் வேண்டும், வெறுமையாய்க் கிடக்கும் பதவிக்கு வைத்தியர் வேண்டும் என்று விண்ணப்பம் எழுதுவதும் ஒரு கிறிஸ்தவக் கடமையே. நாம் ஒரு தர்ம வைத்தியசாலையைக் கட்டிவிட்டதால் அரசாங்கம் கை கழுவிக்கொள்ளுமானால், நம்முடைய தர்மம் ஏழைக்கு நன்மையோடு தீமையும் செய்ததாகும்.

ஆனால் நீதி வந்து சேரும்வரை நோய் காத்திருக்காது. வரும் செவ்வாய்க்கிழமை அந்த முதியவர் வைத்தியசாலையில் இருக்கவேண்டும். விண்ணப்பத்துக்குப் பதில் வருவதற்கு முன்னால் எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள் வந்துபோகும். சட்டமும் திட்டமும் ஓர் ஊருக்கு வைத்தியசாலையைக் கொடுக்கலாம். ஆனால் இந்த முற்றத்திலே, இந்த மனிதன், இன்றைக்கு ஏன் வரவில்லை என்று அறிவது அயலவனால் மட்டுமே முடியும். எனவே தர்மத்தின் இடம் நீதிக்குப் பதிலான இடமன்று. நீதியின் கை எட்டாத அந்தக் கடைசி மைல்தான் அதன் இடம்.

நல்ல சமாரியன் கதையை நாம் பிள்ளைப் பருவத்திலிருந்தே கேட்டு வருகிறோம். அதிலே நான் நெடுநாளாய்க் கவனியாத ஒன்று உண்டு. அவன் காயப்பட்டவனைப் பார்த்து, “இன்ன இடத்திலே சத்திரம் இருக்கிறது, என் பெயரைச் சொல்லு, காசு வாங்கமாட்டார்கள்” என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. தன் வாகனத்திலே அவனை ஏற்றினான். ஏற்றியதால் தான் நடந்தான். சத்திரக்காரனுக்குக் கொடுத்த பணம் அதன் பிறகே வருகிறது. திரும்பி வருவேன் என்றும் சொன்னான். ஏற்றுவது, கூட நடப்பது, பணம் கொடுப்பது, திரும்பி வருவது என்ற நான்கிலே நாம் பணம் கொடுப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கு அன்பு என்று பெயர் வைத்துவிட்டோம்.

அன்பான குடும்பங்களே, கட்டிடம் வேண்டாம், கட்டில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டிலுள்ள உங்கள் பிள்ளைகள் வியர்வை சிந்தி அனுப்பும் பணத்தை இகழவும் இல்லை. பெயர் பொறித்த கல்லுக்குக் கிடைக்கும் பணம் பஸ் கட்டணத்துக்குக் கிடைப்பதில்லை என்பதே என் மனவருத்தம். பஸ் கட்டணத்தைப் படம் பிடித்து அனுப்ப முடியாது. நோயாளியோடு வாங்கிலே அரைநாள் காத்திருந்த பெண்ணின் பெயரைக் கல்லிலே பொறிக்க முடியாது. ஆனாலும் தர்ம வைத்தியசாலையை ஏழைக்குத் திறந்துவிடும் திறப்பு அதுதான்.

ஆகவே ஒவ்வொரு பங்கிலும் இதைச் செய்து பார்க்கலாம். யார் யார் சிகிச்சைக்குப் போகவேண்டியவர்கள், எந்த நாளிலே போகவேண்டியவர்கள் என்று ஒரு கொப்பியிலே எழுதி வையுங்கள். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞர் முறைபோட்டு அவர்களைச் சந்திவரை ஏற்றிப் போகட்டும். கூடப் போக ஆளில்லாதவரோடு ஒரு தாய் போகட்டும். அன்றைக்கு அவளுடைய பிள்ளைகளுக்குப் பக்கத்து வீடு சோறு கொடுக்கட்டும். பணம் அனுப்ப விரும்பும் பிள்ளைகளிடம், ஒரு நோயாளியின் ஓராண்டு வழிச்செலவை ஏற்கும்படி கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வராதவர் யார் என்று பாருங்கள். வந்தவர்களின் தொகையை எந்த வைத்தியசாலையும் பதிந்து வைத்திருக்கும். வராதவர்களின் பெயர் அயலவருக்கு மட்டுமே தெரியும்.

அந்த முதியவரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கமுடியாது. அன்று மாலையே ஒரு வாகனம் ஒழுங்கு செய்து கொண்டுபோனோம். அதன் பின்னர் நம் இளைஞர் நால்வர் முறைபோட்டு அவரை ஏற்றி இறக்கினார்கள். இன்னும் பதினாறு மாதம் உயிரோடிருந்தார்; பேரப்பிள்ளையின் முதல் நன்மையைக் கண்டார். ஒரு முறை நானும் கூடப் போயிருந்தேன். நான் பணம் சேர்த்து வாங்கிய கட்டில்களில் ஒன்றிலே அவர் படுத்திருந்தார். மெத்தையைக் கையால் அமர்த்திப் பார்த்துவிட்டு, “நல்ல கட்டில்தான் சுவாமி” என்றார்.

எனக்கு மறுமொழி சொல்ல வாய் வரவில்லை.